சாரக்கட்டுப் புரதங்கள்: புற்றுநோய்ச் சமிக்ஞைத் தடங்களில் பெயரும் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

செல்லின் உள்ளே செய்திகளைக் கடத்தும் நொதிகளை ஓரிடத்தில் சேர்த்து நிறுத்தும் புரதங்களை ஆங்கில அறிவியல் வழக்கு ‘ஸ்காஃபோல்ட்’ புரதங்கள் என்று குறிக்கிறது. புற்றுநோய் ஆய்வில் இவை பெற்றுள்ள இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது. இப்புரதங்களுள் சில, தாம் செய்யும் பணிக்கு நேர்மாறான பொருள் தரும் பெயர்களைப் பெற்றிருப்பதும், அப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அறிவியற்செய்தியே தலைகீழாவதும் இங்கு எடுத்துக்காட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: சாரக்கட்டுப் புரதம், சமிக்ஞைத் தடம், கே.எஸ்.ஆர்., ஆக்சின், காரணப்பெயர், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

புற்றுநோய் உயிரியலில் ‘கே.எஸ்.ஆர்.’ என்னும் சுருக்கப்பெயர் அடிக்கடி வழங்குகிறது. ‘கைனேஸ் சப்ரெஸர் ஆஃப் ராஸ்’ என்பது அதன் விரிவு. ஆங்கிலமும் இலக்கணமும் அறிந்து உயிரியல் அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதனை ‘ராஸ் புரதத்தை ஒடுக்கும் கைனேஸ் நொதி’ என்று பெயர்ப்பார். சொல் நோக்கில் பெயர்ப்பில் பிழையில்லை; பொருள் நோக்கில் இரண்டு இடங்களில் பிழை நேர்ந்துவிடுகிறது. கே.எஸ்.ஆர். ராஸைப் பொதுவாக ஒடுக்குவதில்லை. அதன் செய்தியைக் கொண்டு சேர்க்கத் துணைநிற்கிறது. கைனேஸ் என்னும் நொதிக்குரிய வேதிவினையும் அதனிடம் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. புற்றுநோயைத் தூண்டும் புரதத்தை ஒடுக்குவது நன்மை தருமாதலின், இப்பெயர்ப்பைப் படிக்கும் மாணவர் கே.எஸ்.ஆர். மிகுவது நல்லது என்றே கொள்வார்.

இப்பிழை எவ்வாறு நேர்கிறது என்பதை அறியப் பெயரின் வரலாற்றையும் புரதத்தின் பணியையும் ஒருங்கே காண வேண்டும். கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பு வேண்டுமா, மொழிபெயர்ப்பு வேண்டுமா என்னும் வழக்கிலேயே நின்றுவிடுகின்றன. பெயர் குறிக்கும் பொருளின் இயக்கத்தினுள் சென்று பார்ப்பது அரிதாகவே நிகழ்கிறது. எனவே இக்கட்டுரை உயிரியற்செய்தியை முதலிலும் சொல்லாய்வை அதன்பின்னும் வைக்கிறது. தமிழகப் பாடநூல்கள் ‘செல்’ என்றும் ஈழத்து வழக்கு ‘கலம்’ என்றும் சொல்வதில் இங்கு முன்னது ஆளப்படுகிறது.

செய்தி செல்லும் தடம்

செல்லின் புறத்தே வந்து சேரும் வளர்ச்சிக்காரணி போன்றதொரு மூலக்கூறு, செல்படலத்தில் உள்ள ஏற்பியில் பொருந்துகிறது. அச்செய்தி உட்கருவைச் சென்றடைந்தால்தான் ‘பிளவுறுக’ என்னும் ஆணை நிறைவேறும். இடைவழியில் அதனைச் சுமப்பவை புரதங்கள். படலத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ராஸ் ஒரு மூலக்கூற்று விசை, ஜி.டி.பி. என்னும் மூலக்கூறு அதில் பொருந்தும்போது இயங்கும், அது ஜி.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை இழந்து வேறொன்றாக மாறும்போது ஓயும். இயங்கும் ராஸ், ராஃப் என்னும் கைனேஸைத் தூண்டுகிறது. ராஃப் மெக்கின் மீதும், மெக் எர்க்கின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. கைனேஸ் என்பதே பிற மூலக்கூற்றின்மீது பாஸ்பேட் ஏற்றும் நொதிதான். பாஸ்பேட் ஏறிய எர்க் உட்கருவினுள் நுழைந்து மரபணுக்களை எழுப்புகிறது.

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ராஸ் மரபணுக்கள் மூன்றனுள் ஏதேனும் ஒன்று சடுதிமாற்றம் அடைந்துள்ளது. கணையப் புற்றுநோயில் இது பத்தில் ஒன்பது என்னும் அளவை எட்டுகிறது. மாற்றமடைந்த ராஸ் ஓய்வதில்லை. புறத்தே செய்தி வராதபோதும் ‘பிளவுறுக’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் பாடநூற்செய்தி. பாடநூற்படத்தில் ராஃப், மெக், எர்க் மூன்றும் அம்புக்குறிகளால் இணைந்து வரிசையாக நிற்கும். உண்மையான செல்லில் அவ்வரிசை இல்லை. பல்லாயிரம் வகைப் புரதங்கள் நெருங்கி மிதக்கும் நீர்மத்தில் ராஃப் தன் மெக்கைத் தேடிக் காண வேண்டும். தேடும் வழியில் வேறொரு தடத்தின் புரதத்தோடு வினைபுரிந்துவிடவும் கூடும். ஒரே கைனேஸ் பல தடங்களில் பணியாற்றும் நிலையில் செய்தி தடம் மாறாமல் செல்வது எங்ஙனம் என்பதே வினா.

ஈஸ்ட் தந்த விடை

இவ்வினாவிற்குத் தெளிவான முதல் விடை புற்றுநோய் ஆய்விலிருந்து வரவில்லை. அப்பம் புளிக்கவும் மது வடிக்கவும் பயன்படும் ஈஸ்டிலிருந்து வந்தது. ஈஸ்ட் செல்களில் இரண்டு புணர்வகைகள் உண்டு. ஒருவகை வெளியிடும் பெரமோனை மறுவகை உணர்ந்ததும் ஸ்டெ11, ஸ்டெ7, ஃபஸ்3 என்னும் மூன்று கைனேஸ்கள் வழியே செய்தி கடத்தப்பட்டுப் புணர்ச்சி நிகழ்கிறது. இம்மூன்றையும் ஸ்டெ5 என்னும் நான்காம் புரதம் தன்மீது பிணைத்து வைத்துள்ளது என்பதை 1994-இல் எலைன் எலியன் குழுவினர் காட்டினர். ஸ்டெ5 எதன்மீதும் பாஸ்பேட் ஏற்றுவதில்லை. எனினும் அதனை நீக்கிவிட்டால் ஏனைய மூன்றும் குறைவின்றி இருந்தும் செய்தி செல்வதில்லை.

ஸ்டெ11 உப்புச்செறிவு மிகும்போது செல்லைக் காக்கும் வேறொரு தடத்திலும் பணிபுரிகிறது. அங்கு அதனைத் தாங்குவது பி.பி.எஸ்.2 என்னும் வேறொரு புரதம். ஒரே தொழிலாளி இரண்டு மனைகளில் வேலைசெய்தாலும் எந்த மனையில் நிற்கிறாரோ அந்த மனையின் சுவரே எழுவது போன்றது இது. 2003-இல் வெண்டல் லிம் குழுவினர் ஸ்டெ5-ஐயும் பி.பி.எஸ்.2-ஐயும் ஒட்டிக் கலப்புப் புரதம் ஒன்றை ஆக்கினர். அக்கலப்பு பொருந்திய ஈஸ்ட், பெரமோனைக் கண்டதும் புணர்ச்சிக்குரிய மறுவினையை விட்டு உப்பிற்குரிய மறுவினையைக் காட்டியது. செய்தியின் பொருளைத் தீர்மானிப்பதில் கடத்தும் நொதிக்குள்ள பங்கினும் அது நிறுத்தப்பட்ட இடத்திற்குள்ள பங்கு குறைந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பெயர்ப்பொருளையும் இங்கேயே நோக்கலாம். ‘ஸ்டெ’ என்பது மலட்டுத்தன்மையைக் குறிக்கும் ‘ஸ்டெரைல்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி. புணர்ச்சியை இயலச்செய்யும் புரதத்திற்கு மலட்டுப்பெயர் வந்தது ஏன்? அம்மரபணு பழுதுற்ற ஈஸ்ட் புணர இயலாமற்போயிற்று. அப்பழுதைக் கொண்டு மரபணுவிற்குப் பெயரிட்டனர். மரபியலாரின் நெடுநாள் வழக்கு இதுவே. பொருளின் இருப்பைக் கொண்டன்றி அதன் இன்மையைக் கொண்டு அவர்கள் பெயரிடுகின்றனர்.

கே.எஸ்.ஆர்.: ஒடுக்குவதா, உதவுவதா?

கே.எஸ்.ஆர். பெயர் பெற்றதும் இவ்வழியிலேதான். 1995-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள், ஒன்று பழ ஈயிலும் இரண்டு உருளைப்புழுவிலும், ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மரபணுவைக் கண்டன. பழ ஈயில் ஆராய்ந்தோர் மார்க் தெர்ரியன், ஜெரால்ட் ரூபின் முதலியோர். ஓயாத ராஸைப் புகுத்திய ஈயின் கண் ஒழுங்கிழந்து சொரசொரப்பாகும். அத்தகைய ஈக்களில் வேறு சடுதிமாற்றங்களை உண்டாக்கி, எவற்றால் கண் மீண்டும் ஒழுங்குறுகிறது என்று தேடினர். கே.எஸ்.ஆர். மரபணு பழுதுற்றபோது ராஸின் கொடுமை தணிந்தது. எனவே ராஸை ஒடுக்கியது அம்மரபணுவில் நேர்ந்த பழுதேயன்றிப் பழுதற்ற புரதமன்று. புரதம் ராஸிற்குத் துணை என்பதனால்தான் அதன் இன்மை ராஸை ஒடுக்குகிறது. பெயரில் உள்ள ‘சப்ரெஸர்’ ஆய்வுக்கூடத்துச் சடுதிமாற்றத்தைச் சுட்டும் சொல். அது புரதத்தின் மீது ஏறிக்கொண்டது.

‘கைனேஸ்’ என்னும் பகுதியும் இவ்வாறே. அமைப்பில் ராஃபை ஒத்திருந்ததால் அதனைக் கைனேஸ் என்றனர். பாஸ்பேட்டைக் கையாள வேண்டிய இடத்தில் கைனேஸ்களில் வழக்கமாக அமையும் லைசின் பாலூட்டிகளின் கே.எஸ்.ஆரில் இல்லை, அங்கு ஆர்ஜினின் உள்ளது. அதனால் இன்று அதனைப் போலிக்கைனேஸ் என்னும் வகையுள் அடக்குவர். மிகச் சிறிய வினைத்திறன் எஞ்சியுள்ளதா என்னும் விவாதம் முற்றிலும் ஓயவில்லை. அதன் முதன்மைப் பணி நொதிவினையன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

பணி யாது? ஓய்வுநிலைச் செல்லில் கே.எஸ்.ஆர். மெக்கைப் பற்றியவாறு செல்சாற்றில் நிற்கிறது. 14-3-3 என்னும் புரதம் அதனை அங்கேயே தடுத்து வைத்துள்ளது. ராஸ் இயங்கியதும் கே.எஸ்.ஆரின் மீதிருந்த பாஸ்பேட் ஒன்று அகற்றப்பட்டுத் தடை நீங்குகிறது. அது மெக்கோடு படலத்திற்குப் பெயர்ந்து, அங்கு ராஃபையும் எர்க்கையும் சேர்த்துக்கொள்கிறது. கே.எஸ்.ஆர். ராஃபோடு இணைசேரும்போது ராஃபின் வடிவமே இயங்குநிலைக்கு மாறுகிறது. இறுதியில், பாஸ்பேட் ஏறிய எர்க் திரும்பிவந்து கே.எஸ்.ஆரின் மீதும் பி-ராஃபின் மீதும் பாஸ்பேட் ஏற்றி அக்கூட்டத்தைக் கலைக்கிறது. வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பவர் அதன்மேல் நின்று வேலை செய்தவரே.

கே.எஸ்.ஆர்.1 நீக்கப்பட்ட சுண்டெலிகள் பெரிய குறைபாடின்றி வளர்ந்தன. ஆனால் அவற்றில் ராஸால் தூண்டப்படும் தோற்கட்டிகள் உருவாவது தடைப்பட்டது. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இம்முடிவுகளே மருத்துவ ஆர்வத்தைத் தூண்டின. இயல்பான செல் இப்புரதம் இன்றியும் வாழக்கூடும், புற்றுநோய்ச் செல்லுக்கு அது இன்றியமையாததாகக்கூடும் என்னும் வேறுபாடு மருந்து தேடுவோர் வேண்டுவது.

அளவு மிகும்போது

இனி, பெயரைக் காட்டிலும் குழப்பம் விளைத்த ஒன்றைக் கூற வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் கே.எஸ்.ஆரைச் செல்லினுள் மிகுதியாக உண்டாக்கிப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாயின. சில ஆய்வுகளில் ராஸின் செய்தி வலுப்பெற்றது, சிலவற்றில் அடங்கியது. ‘ஒடுக்கி’ என்னும் பெயரே சரியோ என்று எண்ணத்தக்க நிலை.

முரண் தோற்றமே என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ராஃப் மூலக்கூறுகள் 10, மெக் மூலக்கூறுகள் 10 என்றும், ஒரு சாரக்கட்டுப் புரதத்தில் இரண்டிற்கும் ஒவ்வோர் இடம் உண்டு என்றும், அவை ஒன்றையொன்று பாராமல் எவ்விடத்திலும் சென்று உறுதியாக அமரும் என்றும் கொள்வோம். சாரம் 10 இருப்பின் ஒவ்வொன்றிலும் இரண்டும் அமர்ந்து 10 முழுக்கூட்டங்கள் உருவாகும். சாரம் 20 ஆயின் ஒன்றில் ராஃப் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மெக் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் சேர நான்கில் ஒன்று. முழுக்கூட்டம் சராசரியாக 5. சாரம் 100 ஆயின் இரண்டும் சேர நூற்றில் ஒரு வாய்ப்பு, முழுக்கூட்டம் 1. ஒரு சுவருக்குப் பத்துச் சாரங்களைத் தனித்தனியே கட்டிவிட்டால் கொத்தனார் ஒன்றிலும் சித்தாள் வேறொன்றிலும் நிற்பர். கலவைச் சட்டி கைமாறாது.

இக்கருத்தை 2000-ஆம் ஆண்டில் லெவ்சென்கோ, புரூக், ஸ்டெர்ன்பெர்க் ஆகியோர் கணித மாதிரியாக வடித்தனர். செல்லில் கே.எஸ்.ஆர்.1-இன் அளவைப் படிப்படியாக உயர்த்திய கோர்ட்டம், லூயிஸ் ஆகியோரின் 2004-ஆம் ஆண்டு ஆய்விலும் ஓர் உகந்த அளவு வரை செய்தி ஏறி, அதன்பின் இறங்கியது. ஆகவே சாரக்கட்டுப் புரதத்தை ‘ஊக்கி’ என்றோ ‘ஒடுக்கி’ என்றோ பெயரிடுவதே பொருந்தாது. அதன் விளைவு அதன் தன்மையில் மட்டும் இல்லை. அது சேர்த்துவைக்கும் புரதங்களின் அளவிற்கும் அதன் அளவிற்கும் உள்ள விகிதத்தில் உள்ளது.

ஆக்சின்: கலைப்பதற்காகக் கூட்டுவது

மேற்கண்டவை செய்தியை முன்செலுத்தும் சாரங்கள். ஆக்சின் இதற்கு எதிர்த்திசையில் நிற்பது. ‘வின்ட்’ என்னும் சமிக்ஞைத் தடத்தில் பீட்டா-கேட்டனின் என்னும் புரதம் உட்கருவிற்குச் சென்றால் செல்பெருக்கத்திற்கான மரபணுக்கள் எழும். வின்ட் செய்தி இல்லாத காலத்தில் அது சிதைக்கப்பட வேண்டும். ஆக்சின், ஏ.பி.சி. என்னும் புரதத்தையும் இரண்டு கைனேஸ்களையும் பீட்டா-கேட்டனினையும் ஒருங்கு கூட்டுகிறது. கைனேஸ்கள் ஏற்றும் பாஸ்பேட், சிதைவிற்குரிய அடையாளமாகிறது. பெருங்குடல் புற்றுநோய்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் ஏ.பி.சி. மரபணு பழுதுற்றிருக்கிறது, கல்லீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் ஆக்சின் மரபணுவே பழுதுற்றுள்ளது. கே.எஸ்.ஆர். இன்மையால் கட்டி தடைப்பட்டது. ஆக்சின் இன்மையால் கட்டி தோன்றுகிறது. இரண்டும் சாரக்கட்டுப் புரதங்களே.

1997-இல் இப்பெயர் வந்த வழியும் வேறு. ஆக்சினைத் தவளைக் கருவில் புகுத்தியபோது உடலச்சு உருவாவது தடைப்பட்டது. அச்சைக் குறிக்கும் ‘ஆக்ஸிஸ்’, தடுத்தலைக் குறிக்கும் ‘இன்ஹிபிஷன்’ ஆகிய சொற்களின் முதற்பகுதிகள் இணைந்து ‘ஆக்சின்’ ஆயிற்று. ஸ்டெ5-உம் கே.எஸ்.ஆரும் இன்மையால் பெயர் பெற்றவை. ஆக்சின் மிகையால் பெயர் பெற்றது. இம்மூன்றுள் எதன் பெயரும் செல்லில் அது அன்றாடம் செய்யும் பணியைச் சொல்லவில்லை.

மருந்து தேடுவோர் காணும் இடர்

மாற்றமடைந்த பி-ராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மெலனோமா என்னும் தோற்புற்றுநோயில் அது கட்டிகளை விரைந்து சுருக்கியது. ஆனால் சில நோயாளிகளின் தோலில் வேறுவகைக் கட்டிகள் எழுந்தன. பி-ராஃப் மாறாத செல்களில் அம்மருந்தே ராஃப் மூலக்கூறுகளை இணைசேரத் தூண்டி எர்க்கின் செய்தியை உயர்த்தியது என்பது 2010 முதலே ஆய்வுகளில் வெளிப்பட்டிருந்தது. நொதியின் வினையிடத்தை அடைத்தால் போதும், யாரோடு அது சேர்ந்து நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் இங்குத் தோற்றது.

சேர்க்கையையே இலக்காகக் கொண்ட முயற்சிகளுள் 2013-இல் வெளிவந்த ஐ.க்யூ.கேப்.1 ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. இச்சாரக்கட்டுப் புரதத்தின் ஒரு சிறு பகுதியைப் பெப்டைடாக ஆக்கிச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, கட்டியுற்ற எலிகளின் வாழ்நாள் நீண்டது. அப்பகுதி எர்க்கைப் பற்றும் இடம் என்பதே அதற்குக் கூறிய விளக்கம். 2017-இல் வந்த மற்றோர் ஆய்வோ, எர்க்கைப் பற்ற அப்பகுதி தேவையுமில்லை, அது மட்டும் போதுமானதுமில்லை என்று காட்டியது. அவ்வாறாயின் எலிகள் நீடித்து வாழ்ந்ததற்குக் காரணம் வேறொன்றாக இருக்க வேண்டும். முடிவு மெய்யாயிருந்தும் விளக்கம் ஐயத்திற்குரியதாவது அறிவியலில் புதிதன்று. இத்தகைய இடத்தில் அறிவியல் தமிழ்க் கட்டுரைகள் முதல் செய்தியை மட்டும் எடுத்தாள்வது குறையே.

உறுதி மிக்க செய்தி ஒன்று 2020-இல் வந்தது. மெக்கைத் தடுக்கும் ட்ரமெட்டினிப் 2013 முதலே வழக்கில் உள்ள மருந்து. அது மெக்கின்மீது மட்டுமன்றி, மெக்கும் கே.எஸ்.ஆரும் சேரும் எல்லையில் இரண்டையும் தொட்டு அமர்கிறது என்பது படிக அமைப்பு ஆய்வால் தெரிந்தது. சாரத்தைக் கருதாமலேயே ஆக்கிய மருந்து சாரத்தையும் தொட்டிருக்கிறது.

சொல்லாக்கம்

‘ஸ்காஃபோல்ட்’ என்பதற்குக் கட்டடத் தொழிலாளர் வழக்கில் ‘சாரம்’ என்னும் நல்ல சொல் உள்ளது. சவுக்குக் கழிகளாலும் இரும்புக் குழாய்களாலும் கட்டும் சாரத்தை அறியாதார் இலர். இடர் யாதெனின், எழுத்து வழக்கில் ‘சாரம்’ பிழிவையும் உட்பொருளையும் குறிக்கும். தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் அது உடுக்கும் ஆடை. ‘சாரப் புரதம்’ என்னும் தொடரைச் ‘சாரத்தை உடைய புரதம்’ என இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிப்பின் சத்து மிகுந்த புரதம் என்றாகிவிடும். ‘தாங்கு புரதம்’, ‘கட்டமைப்புப் புரதம்’ என்பன கொலாஜன், கெரட்டின் போன்றவற்றைச் சுட்டும்.

‘சாரக்கட்டு’ என ஆளும்போது பிழிவு என்னும் பொருள் நீங்குகிறது. ‘கட்டு’ என்பதில் பிணைத்தல் என்னும் பொருளும் உண்டாதலின், புரதங்களைப் பிணைத்து நிறுத்தும் பணியும் உடன் தோன்றுகிறது. இத்தொடரை ‘சாரக்கட்டாகிய புரதம்’ என இருபெயரொட்டாகக் கொள்ளாமல், ‘சாரக்கட்டுப் போன்ற புரதம்’ என உவமைத்தொகையாகக் கொள்வதே தகும். உவமையில் பொதுத்தன்மை மட்டுமே கொள்ளப்படும். தான் வேலைசெய்யாது வேலைசெய்வோரை உரிய இடத்தில் நிறுத்துதல், வேலை முடிந்தபின் கலைதல் ஆகியன ஒத்த தன்மைகள். மரச்சாரம் தன்மேல் நிற்பவரின் திறனை மாற்றுவதில்லை, கே.எஸ்.ஆர். ராஃபின் வடிவத்தை மாற்றுகிறது. ஸ்டெ5-உம் ஃபஸ்3-இன் பூட்டைத் திறந்து அதனை ஸ்டெ7-க்கு ஏற்புடையதாக்குகிறது என 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவ்விடத்தில் உவமை நிற்காது. விளக்கவுரையில் இதனைச் சொல்லியாக வேண்டும்.

தனிப் புரதங்களின் பெயர்களுக்கு வேறு நெறி வேண்டும். நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடு இங்குப் பெரிதும் உதவுகிறது. ஸ்டெ5, கே.எஸ்.ஆர்., ஆக்சின் ஆகியன ஆங்கிலத்தில் காரணப்பெயர்களாகத் தோன்றியவை. காரணமோ பொருளின் பணியன்று, அது கண்டறியப்பட்ட சோதனை. ஆங்கிலத்தில் எழுதுவோரிடத்தும் அவை இன்று காரணம் மறைந்து இடுகுறி போலவே வழங்குகின்றன. மறைந்த காரணத்தைத் தமிழில் மீட்டு ‘மலட்டுப் புரதம்’, ‘ராஸ் ஒடுக்கி’, ‘அச்சுத் தடுப்பி’ என ஆக்குவது, மூலமொழியாளரும் கைவிட்ட பொருளை நம் மாணவர்மேல் சுமத்துவதாகும். இவற்றைச் சுருக்கப்பெயர்களாகவே ஒலிபெயர்த்து ஆள்வதும், பெயர்க்காரணத்தைக் கலைச்சொல் அகராதியின் விளக்கப்பகுதியில் ‘பழுதுற்றபோது காணப்பட்ட விளைவால் பெற்ற பெயர்’, ‘மிகுதியாகப் புகுத்தியபோது காணப்பட்ட விளைவால் பெற்ற பெயர்’ என வேறுபடுத்திக் குறிப்பதும் தகும். மரபணுப் பெயர்களைத் தொகுக்கும் எந்தத் தமிழ் அகராதிக்கும் இவ்விரு குறிப்புகளும் தனிக்குறியீடு இட்டு ஆளத்தக்க அளவிற்கு மிகுதியாகத் தேவைப்படும். பழ ஈ மரபணுக்களுள் கண்ணின் நிறம் சிவப்பாவதற்குக் காரணமான ஒன்று, நூறாண்டிற்கும் மேலாக ‘வெள்ளை’ என்றே வழங்கிவருகிறது.